ஆளில்லா அறையில் 37 டிகிரி

ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளைக் குறித்த சூட்டிலோ குளிரிலோ நாள்கணக்கில் வைத்திருக்க வாட்டர் பாத், இன்குபேட்டர், ஓவன், டீப் ஃப்ரீசர் என்று பல கருவிகள் உண்டு. இவற்றின் வெப்பநிலையைப் பக்கத்து அறையிலிருந்தோ வீட்டிலிருந்தோ வயர் எதுவும் இல்லாமல் பார்க்கவும் மாற்றவும் இப்போது முடிகிறது. கைபேசி வந்த பிறகு கிடைத்த வசதி இது என்று தோன்றினாலும் இதன் வேர் 400 ஆண்டுகளுக்கு முன்னால் போகிறது. அடுப்பின் காற்றுவாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்த கைக்கு முதலில் விடுதலை கிடைத்தது. பிறகு வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குக் கிடைத்தது. கடைசியில் ஆளே அறையை விட்டு வெளியே போக முடிந்தது. ஒவ்வொரு முறை மனிதர் விலகியபோதும், ஏதாவது பிசகினால் யாருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

தொடக்கத்தில் மனித உடம்புதான் கருவி. எகிப்தில் கோழிமுட்டைகளைச் சூட்டுக் கூடங்களில் அடுக்கிப் பொரிக்கச் செய்யும் தொழில் 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. அங்கே வெப்பமானி கிடையாது. வேலையாட்கள் முட்டையை எடுத்துக் கண் இமையில் ஒற்றிப் பார்ப்பார்கள். இமைத் தோல் மெல்லியது, சிறு சூட்டு வேறுபாட்டையும் உணரும். சூடு கூடியிருந்தால் காற்றுத் துளையைத் திறப்பார்கள், குறைந்திருந்தால் கொஞ்சம் எரிபொருளைச் சேர்ப்பார்கள். கோழிக்குப் பதிலாக மனிதர் அடைகாத்த தொழில் அது. பருவம் முடியும்வரை அவர்கள் அந்தக் கூடத்தை விட்டு நகர முடியாது.

அந்தக் காவலிலிருந்து மனிதரை முதலில் விடுவித்தவர் கார்னெலிஸ் ட்ரெபெல் (1572–1633). நெதர்லாந்தின் அல்க்மார் நகரில் பிறந்து, முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் இங்கிலாந்துக்குப் போனவர். தேம்ஸ் ஆற்றில் நீர்மூழ்கிப் படகை ஓட்டிக் காட்டியவர் என்றுதான் பலரும் அவரை அறிவார்கள். ரசவாத உலைக்கும் முட்டை பொரிக்கும் பெட்டிக்கும் அவர் அமைத்த சூட்டுக் கட்டுப்பாடு அந்தப் படகை விடப் பெரிய சாதனை. பெட்டிக்குள் சாராயம் நிரப்பிய ஒரு கண்ணாடிக் கலம் இருக்கும். அதன் முனையில் வளைந்த குழாயும் அதில் பாதரசமும் இருக்கும். சூடு ஏறினால் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசத்தின் மேல் நிற்கும் கோல் உயர்ந்து, நெம்புகோல் வழியாக அடுப்பின் புகைவாய் மூடியைச் சாத்தும். காற்றோட்டம் குறையும், தீ தணியும். சூடு இறங்கியதும் சாராயம் சுருங்கி, கோல் தாழ்ந்து, மூடி மறுபடி திறக்கும்.

ட்ரெபெல் எழுதி வைத்துவிட்டுப் போனது மிகக் குறைவு. அவருடைய மருமகன்களான குஃப்ளர் சகோதரர்கள் வழியாகத்தான் இந்த அமைப்பைப் பற்றிய செய்தி அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஃபாரன்ஹீட் பாதரச வெப்பமானியைச் செய்தது 1714-இல். செல்சியஸ் தன் அளவுகோலை முன்வைத்தது 1742-இல். ட்ரெபெலின் உலை நின்ற சூட்டை எத்தனை டிகிரி என்று சொல்ல அன்று வழியே இல்லை. சூட்டை எண்ணால் அளக்கப் பழகுவதற்கு நூறாண்டு முன்னாலேயே அதை ஒரே நிலையில் நிறுத்தப் பழகிவிட்டார்கள்.

18-ஆம் நூற்றாண்டிலும் முட்டைதான் இந்தத் தொழில்நுட்பத்தை முன்னே தள்ளியது. பாரிஸில் போன்மேன் என்பவர் வெந்நீர்க் குழாய்கள் ஓடும் முட்டைப் பொரிப்பகம் ஒன்றை நடத்தினார். 1783-இல் அவர் காப்புரிமை பெற்ற சீராக்கியில் திரவம் இல்லை. இருவேறு உலோகங்கள் சூட்டில் ஒன்றுக்கொன்று வெவ்வேறு அளவில் நீள்வதை வைத்தே அவர் அடுப்பின் காற்றுவாயை இயக்கினார். கண்ணாடியைப் போல உடையாது, சாராயத்தைப் போல ஒழுகாது. கிளாஸ்கோவில் வேதியியல் கற்பித்த ஆண்ட்ரூ யூர், இரண்டு உலோகத் தகடுகளை முதுகோடு முதுகாக ஒட்டினார். சூட்டில் அந்தப் பட்டை ஒரு பக்கமாக வளையும். 1830-இல் அவர் பெற்ற காப்புரிமையில்தான் 'தெர்மோஸ்டாட்' என்ற சொல் வருகிறது. சூடு, நிற்றல் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. இன்றைக்கும் இஸ்திரிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் யூரின் பட்டை அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

ஆய்வுக்கூடத்துக்கு நிலையான சூடு உயிர்நாடியானது நுண்ணுயிரியல் பிறந்தபோது. 1850-களில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குக் குழாய் வழியே எரிவாயு வந்துவிட்டது. ஹைடெல்பர்கில் புன்சனின் அடுப்பு 1855-இல் உருவாயிற்று. விறகையும் கரியையும் போல இல்லாமல், வாயுவை ஒரு துளையால் அடக்கலாம். அதனால் சீராக்கியின் வடிவமும் மாறியது. வாட்டர் பாத்தில் மூழ்கிய பாதரசம் சூட்டில் உயர்ந்து, வாயு வரும் குழாயின் வாயையே அடைக்கும். முழுவதும் அடைத்துவிட்டால் தீ அணைந்துபோகும். மறுபடி வாயு வரும்போது பற்றவைக்க ஆள் இருக்காது, அறை முழுவதும் வாயு நிரம்பும். ஆகவே குழாயின் பக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை விட்டார்கள். பாதரசம் பெரிய வழியை அடைத்தாலும் அந்தத் துளை வழியாக ஒரு சிறு சுடர் நிற்கும் அளவுக்கு வாயு கசியும். இந்தச் சிறு துளை பெரிய கண்டுபிடிப்பு எதற்கும் குறைந்ததல்ல. ஆள் இல்லாத நேரத்தில் கருவி எப்படித் தவறக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்த வழி அது.

ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். அந்தக் கிருமி மிக மெதுவாக வளர்வது. உடற்சூட்டில், 37 டிகிரியில், உறையவைத்த ரத்தச் சீரத்தின் மேல் வாரக்கணக்கில் வைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். ஓர் இரவு தீ அணைந்தாலும், கூடினாலும், அத்தனை நாள் உழைப்பும் வீண். அதே காலத்தில் ஆய்வுக்கூடங்களில் ஊடகமாகப் பயன்பட்ட ஜெலட்டின் அந்தச் சூட்டில் உருகி ஓடிவிடும். கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, வீட்டுச் சமையலில் பயன்படுத்திய அகர்-அகரை அதற்கு மாற்றாகச் சொன்னார். 37 டிகிரியில் உருகாத ஊடகம், 37 டிகிரியை விட்டு நகராத பெட்டி என்ற இரண்டும் சேர்ந்தபோதுதான் இன்குபேட்டர் மருத்துவ ஆய்வின் நடுவிடத்துக்கு வந்தது.

வேதியியலாளர்களின் தேவை வேறு வகையானது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகும் என்பது வான் ட் ஹாஃப் சொன்ன பொதுவிதி. அந்தக் கணக்கில் ஒரு டிகிரி பிசகினாலே 7 விழுக்காடு பிழை வந்துவிடும். வேகத்தை அளக்கப் புறப்பட்டவர்களுக்கு இது தாங்காது. லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு, சூட்டில் விரியும் திரவம் நிரப்பிய நீண்ட குழலால் பாதரசத்தைத் தள்ளி எரிவாயுவை அடக்கவைத்து, பத்தில் ஒரு டிகிரிக்கும் கீழே துல்லியத்தைக் கொண்டுவந்தார். தொட்டி நீர் எங்கும் ஒரே சூட்டில் இருக்க அதைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அவர் அடுப்பிலிருந்து எழும் வெப்பக் காற்றையே பயன்படுத்தினார். மேலே ஒரு சிறு காற்றாடி சுழலும், அதன் தண்டு நீரைக் கலக்கும். மின்மோட்டார் இல்லாத காலத்தில் இரவெல்லாம் அது சுற்றிக்கொண்டிருக்கும்.

இதுவரை வந்த கருவிகள் எல்லாமே தாம் இருந்த இடத்தில் தம் வேலையைப் பார்த்தன. தொலைவில் இருப்பவருக்குச் சேதி சொல்ல மின்சாரம் வர வேண்டியிருந்தது. இதில் முதல் பெயர் வாரன் ஜான்சன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒயிட்வாட்டர் ஊரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கற்பித்தவர். குளிர்காலத்தில் பள்ளியின் காவலாளி ஒவ்வொரு வகுப்பாக நுழைந்து வெப்பமானியைப் பார்த்து, பிறகு அடித்தளத்துக்கு இறங்கி அந்த அறைக்குரிய காற்றுவாயைத் திருத்துவார். பாடம் ஒவ்வொரு முறையும் நின்றுபோகும். ஜான்சன் வகுப்புச் சுவரில் வெப்ப உணரி ஒன்றைப் பொருத்தி, அடித்தளத்தில் உள்ள மணிக்கு வயர் இழுத்தார். சூடு எல்லையைத் தாண்டினால் மணி அடிக்கும். காவலாளி கீழேயே இருந்து காற்றுவாயைத் திருத்துவார். 1883-இல் இதற்கு அவர் காப்புரிமை பெற்றார். இரண்டு ஆண்டுகளில் மில்வாக்கி நகரில் நிறுவனமும் தொடங்கினார். பிற்காலத்தில் அவருக்குக் கம்பியில்லாத் தந்தியிலும் ஆர்வம் பிறந்தது. பின்னாளில் வானொலிக் குழலால் புகழ்பெற்ற லீ டி ஃபாரஸ்ட், இளம் வயதில் சிறிது காலம் அவரிடம் வேலை பார்த்தார். அறையின் சூட்டை வயர் வழியே கேட்டவரே வயர் இல்லாத தந்தியிலும் இறங்கியிருக்கிறார். ஆனால் இரண்டையும் அவர் இணைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மணி அடித்தால் எல்லை தாண்டியது தெரியும், எவ்வளவு என்று தெரியாது. அளவைத் தொலைவுக்குக் கொண்டுபோனது பிளாட்டினக் கம்பி. சூடு ஏறினால் உலோகத்தின் மின்தடை ஏறும் என்பதை வைத்து வெப்பமானி செய்யலாம் என்று வில்லியம் சீமென்ஸ் 1871-இல் விளக்கினார். அவருடைய கம்பிகள் உலையின் சூட்டில் கெட்டு, அளவு தடுமாறின. 1887-இல் ஹக் காலண்டர் அந்தக் குறையைத் தீர்த்து, பிளாட்டினத்தை நம்பத் தகுந்த அளவுகோலாக்கினார். இன்று ஆய்வுக்கூடங்களில் எங்கும் காணும் பி.டி.100 உணரி அதன் வழித்தோன்றல். 0 டிகிரியில் அதன் தடை 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.385 ஓம் மாறுகிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உணரியிலிருந்து அளவிடும் கருவிவரை ஓடும் செம்புக் கம்பிக்கும் தடை உண்டு. கம்பி நீள நீள, இல்லாத சூட்டை அது காட்டும். போக வர கம்பியின் தடை 0.385 ஓம் என்றால் ஒரு டிகிரி பொய். இதைக் கழிக்க மூன்றாவது, நான்காவது கம்பி என்று சேர்க்க வேண்டியிருந்தது. தொலைவே பிழையாக மாறியது. அளவை உணரியின் அருகிலேயே எண்ணாக்கி, அந்த எண்ணை மட்டும் அனுப்பினால் தொலைவு பிழையைச் சேர்க்காது. பின்னாளில் வானொலி அலை ஆய்வுக்கூடத்துக்குள் வந்தபோது இந்த அனுகூலம் தானாகவே கிடைத்தது.

வெப்பநிலை முதன்முதலில் வானொலியில் ஏறியது வானத்தில்தான். மேல்வளிமண்டலத்தை அளக்க 1890-கள் முதல் பலூன்களில் பதிவுக் கருவிகளைக் கட்டி அனுப்பினார்கள். பலூன் வெடித்து எங்கோ வயலில் விழும். கண்டெடுத்தவர் திருப்பி அனுப்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கிடைத்தாலும் அதற்குள் அந்த வானிலை கடந்து போயிருக்கும். பிரான்சில் ராபர்ட் பூரோ 1929 ஜனவரி 7 அன்று, வெப்பநிலையை வானொலிக் குறியீடாக அனுப்பும் கருவியைப் பறக்கவிட்டார். அடுத்த ஆண்டு ஜனவரி 30 அன்று லெனின்கிராடுக்கு அருகே பாவ்லோவ்ஸ்க்கில் பாவெல் மொல்ச்சானோவின் பலூன் 7.8 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மைனஸ் 40.7 டிகிரி என்று சேதி அனுப்பியது. ஃபின்லாந்தில் வில்ஹோ வைசாலாவும் 1931-இல் தம் கருவியை ஏற்றி, 1936-இல் அதற்கென்றே நிறுவனம் தொடங்கினார். அவருடைய முறையில் சூடு மாறினால் மின்சுற்றின் மின்தேக்குத்திறன் மாறும், அதோடு அலையின் அதிர்வெண்ணும் மாறும். தரையில் கேட்பவர் அந்த அதிர்வெண்ணிலிருந்து சூட்டைக் கணக்கிடுவார்.

இந்த வழியின் அடுத்த படி பூமியையே விட்டுப் போனது. 1957 அக்டோபர் 4 அன்று ஏவப்பட்ட ஸ்புட்னிக், 'பீப், பீப்' என்ற ஒலிக்காக நினைவில் நிற்கிறது. அந்த ஒலிக்குள் ஒரு வெப்பநிலைக் காவலும் இருந்தது. மூடிய உருண்டைக்குள் நைட்ரஜன் வாயு. உள்ளே 36 டிகிரியைத் தாண்டினால் விசிறி சுழலும், 20-க்குக் கீழே இறங்கினால் நிற்கும். சூடு 50-க்கு மேலோ 0-க்குக் கீழோ போனால் இன்னொரு தெர்மோஸ்டாட் மாறி, ஒலித் துடிப்பின் நீளத்தை மாற்றிவிடும். எந்த நாட்டில் எந்த வானொலி ஆர்வலர் கேட்டாலும், துடிப்பின் நீளத்தைக் கவனித்தால் உள்ளே நிலைமை சரியா என்று தெரிந்துகொள்ளலாம். ட்ரெபெலின் உலையும் ஜான்சனின் மணியும் கம்பியில்லாமல் ஒரே பெட்டிக்குள் கூடியது இங்கேதான். இதன் மறுபாதியான கட்டளை அனுப்புதல் விண்வெளியில் அன்றாட வேலையானது. வாயேஜர் 2 விண்கலத்தில் மின்சாரம் குறைந்துகொண்டே வந்ததால், 2019-இல் அதன் காஸ்மிக் கதிர்க் கருவியின் ஹீட்டரை அணைக்கும்படி பூமியிலிருந்து கட்டளை போனது. ஒளி வேகத்தில் அது போய்ச் சேர ஏறத்தாழ 17 மணி நேரம். கருவி மைனஸ் 59 டிகிரிக்கு இறங்கியது; அந்தக் குளிரில் அது இயங்கும் என்று யாரும் சோதித்திருக்கவில்லை, ஆனாலும் அளவுகளை அனுப்பிக்கொண்டே இருந்தது.

இவ்வளவு தூரம் போன வானொலி, சாதாரண ஆய்வுக்கூட மேசைக்கு வர இன்னும் வெகுகாலம் பிடித்தது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த மேசையில் இருந்தது தொடு வெப்பமானி. உருவத்தில் நீண்ட கண்ணாடி வெப்பமானிதான். கீழே பாதரசக் குமிழ். மேலிருந்து தலைமயிர் போன்ற டங்ஸ்டன் கம்பி ஒன்று பாதரசத்தை நோக்கித் தொங்கும். உச்சியில் ஒரு காந்த வளையம் உண்டு. அதைத் திருப்பினால் கண்ணாடிக்குள் இருக்கும் திருகு சுழன்று, கம்பி மேலோ கீழோ நகரும். 37-க்கு வேண்டுமானால் கம்பியின் முனையை 37-க்குக் கொண்டுவர வேண்டும். நீர் சூடேறி, பாதரசம் ஏறிக் கம்பியைத் தொட்ட கணத்தில் ரிலே 'டக்' என்று விழும், ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணையும். சற்றுப் பொறுத்து இன்னொரு 'டக்', விளக்கு மறுபடி எரியும். ஹீட்டரின் முழு மின்சாரத்தையும் அந்த நுண்கம்பி வழியே விட்டால் பொறி பறந்து பாதரசத்தின் முகம் கறுத்துவிடும், பிறகு தொட்டாலும் தொடாதது போலிருக்கும். அதனால்தான் நடுவில் ரிலே. மிகச் சிறிய மின்சாரம் வெப்பமானியில் ஓடும், பெரிய மின்சாரத்தை ரிலே சுமக்கும். அந்த 'டக்' ஒலி சீராகக் கேட்கும்வரை ஆய்வாளர் அடுத்த மேசையில் நிம்மதியாக வேறு வேலை பார்ப்பார். ஒலி நின்றால் தலை திரும்பும்.

ஜெர்மனியில் இந்தக் கருவிகள் ஒரு தனித் தொழிலாக வளர்ந்தன. லௌடா ஊரில் 1956-இல் அதே பெயரில் ஒரு நிறுவனம், 1967-இல் கெர்ஹார்ட் யூகைம் தொடங்கிய யூலாபோ, அடுத்த ஆண்டு ஓஃபன்பர்கில் ஹூபர் என்று இன்றும் உலக ஆய்வுக்கூடங்களுக்கு வாட்டர் பாத்தும் சுழற்சித் தெர்மோஸ்டாட்டும் அனுப்பும் பெயர்கள் ஒரே வட்டாரத்தைச் சுற்றி எழுந்தன. சுழற்சி என்பது இங்கே முக்கியம். தொட்டியில் சூடேற்றிய திரவத்தைப் பம்பு கொண்டு ரப்பர் குழாய் வழியே வேறொரு கருவியைச் சுற்றி ஓடவிட்டுத் திரும்ப எடுப்பார்கள். சூட்டை உண்டாக்கும் இடம் ஒன்று, வேண்டிய இடம் இன்னொன்று. இயக்குபவரும் கருவியும் பிரியத் தொடங்கிய இடமும் இதுதான். வினைக்கலம் புகைபோக்கி அறைக்குள் கண்ணாடிக் கதவின் பின்னால் இருக்கும். தெர்மோஸ்டாட் மேசைக்கு அடியில் இருக்கும். அதன் பொத்தானை அழுத்த ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும், கதவைத் திறக்க வேண்டும். கதவு திறந்தால் நச்சு ஆவி வெளியேறும்.

1970-களில் நுண்செயலி வந்தபோது, தொடு வெப்பமானியின் இடத்தை பி.டி.100-உம் எண்பலகையும் எடுத்துக்கொண்டன. சூட்டைத் திடீரென்று நிறுத்தி, திடீரென்று போடும் முறை போய், இலக்கை நெருங்க நெருங்க ஹீட்டரைத் தணிக்கும் முறை வந்தது. அதன் கணிதத்தை நிக்கலஸ் மினோர்ஸ்கி கப்பல்களின் திசைமாற்றுதலுக்காக 1922-இலேயே எழுதியிருந்தார். எண்ணாக மாறிய வெப்பநிலையைக் கணினிக்கு அனுப்ப வயர் போதும். ஆர்.எஸ்.232 என்ற இணைப்புத் தரம் 1960-இல் வந்தது. ஹ்யூலெட்-பேக்கார்டு உருவாக்கிய இணைப்பு 1975-இல் ஐ.ட்ரிபிள்.இ. 488 என்று பொதுத் தரமானது. முதலாவது ஏறத்தாழ 15 மீட்டர்வரைதான் போகும். இரண்டாவதில் எல்லாக் கருவிகளையும் கோத்தாலும் மொத்தம் 20 மீட்டர். பெருவிரல் தடிமனில் கேபிள், அதில் கைக்கு அடங்காத இணைப்பான்கள். ஈரமும் அமிலமும் புழங்கும் அறையில் அந்தக் கேபிள்களை யாராவது மிதிப்பார்கள், இழுப்பார்கள், வெந்நீர்க் குழாய் உரசி உருகும்.

தொலைவிலிருந்து சூட்டை அறியும் ஆசை ஆய்வாளர்களின் அன்றாடத்திலும் எட்டிப் பார்த்தது. 1982-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில், கோகோ-கோலா பாட்டில் விற்கும் இயந்திரத்தைக் கணினி வலையில் இணைத்தார்கள். பாட்டில் இருக்கிறதா, குளிர்ந்துவிட்டதா என்று தம் மேசையிலிருந்தே கேட்கலாம். உள்ளே வெப்ப உணரி எதுவும் இல்லை. பாட்டில் எவ்வளவு நேரமாக உள்ளே இருக்கிறது என்று எண்ணி, மூன்று மணி நேரம் ஆனால் குளிர்ந்தது என்று அது சொல்லும். தொலைவிலிருந்து பெறும் செய்தி அளவா, ஊகமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கம்பியை அறுத்தெறிய வழி வகுத்தது அலைவரிசைச் சட்டம். 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச மாநாடு, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது. மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி அதில் ஒன்று. அடுப்பின் இரைச்சல் நிறைந்த அந்தப் பகுதியில், உரிமம் இல்லாமலே தகவல் அனுப்பலாம் என்று அமெரிக்கா 1985-இல் அனுமதித்தது. வைஃபையின் முதல் தரம் 1997-இல் வந்தது. ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் தொடங்கிய புளூடூத் முயற்சிக்கு 1998-இல் பல நிறுவனங்களின் கூட்டமைப்பு உருவானது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸை உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005-இல் வழி திறந்தது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில், ஆர்.எஸ்.232 துளையில் செருகும் சிறு வானொலிப் பெட்டிகளும் கணினியின் யு.எஸ்.பி.யில் செருகும் இணைப்புகளும் ஆய்வுக்கூடங்களுக்கு வந்தன. பழைய வாட்டர் பாத்துக்குத் தன்னோடு பேசுவது கேபிளா காற்றா என்று தெரியாது. 37.0 என்று கட்டளை வந்தால் ஏற்கும், இப்போதைய சூட்டைக் கேட்டால் சொல்லும்.

ஆய்வுக்கூடம் வானொலிக்கு இதமான இடம் அல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். எஃகுச் சுவர் கொண்ட ஃப்ரீசரும் குளிர் அறையும் அதற்கு மூடிய பெட்டி. உள்ளே வைத்த உணரியின் குரல் வெளியே கேட்காது. அதனால் உணரி மட்டும் மெல்லிய கம்பியில் கதவிடுக்கு வழியாக உள்ளே போகும், ஆன்டெனா வெளியே நிற்கும். நீர் நிறைந்த தொட்டி அலையைக் குடித்துவிடும். ஓய்வறையில் மைக்ரோவேவ் ஓடினால் இணைப்பு திக்கும். இத்தனை இடையூறு இருந்தும் கம்பியில்லா முறை வேலை செய்வதற்கு ஒரே காரணம், சூட்டைப் பிடித்து நிறுத்தும் வேலை காற்றில் ஏறவில்லை என்பதுதான். அளப்பதும், ஒப்பிடுவதும், ஹீட்டரைத் தணிப்பதும் ட்ரெபெலின் காலத்தைப் போலவே பெட்டிக்குள்ளேயே நடக்கின்றன. அலை சுமப்பது இலக்கு எண்ணையும் நிலவர எண்ணையும் மட்டுமே. இணைப்பு அறுந்தால் கருவி கடைசியாகக் கேட்ட இலக்கில் நிற்கும், அல்லது முன்கூட்டியே குறித்துவைத்த பாதுகாப்பான சூட்டுக்கு இறங்கும். இந்த இரண்டில் எது என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே ஆய்வாளர் தீர்மானித்துக் கருவியில் பதிந்திருக்க வேண்டும். வாயுக் குழாயின் பக்கத்தில் விட்ட ஊசித்துளை செய்த வேலையை இப்போது இந்த அமைப்பு செய்கிறது.

அதைக் கவனிக்காத இடங்களில் நேர்ந்த இழப்புகள் பெரியவை. 2012-இல் அமெரிக்காவின் மூளைத் திசுச் சேமிப்பகம் ஒன்றில் ஃப்ரீசர் பழுதானது. வெளிப்பலகை மைனஸ் 79 என்றே காட்டிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை மணிகள் ஒலிக்கவில்லை. கதவைத் திறந்தபோது ஏறத்தாழ 150 மூளைகள் உருகிக் கெட்டிருந்தன. ஆட்டிசம் பற்றிய ஆய்வுக்காகக் குடும்பங்கள் கொடுத்துவிட்டுப் போனவை அவற்றில் கணிசமானவை. திரும்பச் சேர்க்க முடியாத செல்வம் அது. 2020-இல் நியூயார்க் மாநிலத்தில் இன்னொரு ஆய்வுக்கூடத்தில், மைனஸ் 80-இல் இருக்க வேண்டிய ஃப்ரீசர் மைனஸ் 78-ஐத் தொட்டு மணி அடித்தது. பழுது பார்க்க ஆள் வரும்வரை மாதிரிகளுக்கு ஆபத்து இல்லை என்பதால், மணியை நிறுத்தும் முறையைக் காகிதத்தில் எழுதி ஒட்டி வைத்திருந்தார்கள். விடாமல் ஒலித்த மணியை நிறுத்த நினைத்த துப்புரவுப் பணியாளர் மின்சுவிட்சையே திருப்பிவிட்டார் என்று பின்னர் தொடுக்கப்பட்ட வழக்கு சொல்கிறது. மறுநாள் பார்த்தபோது உள்ளே மைனஸ் 32. மணி ஒலித்தது, ஒருவர் கேட்டார், ஆனால் அதன் பொருள் தெரிந்தவர் அங்கே இல்லை. ஃப்ரீசரின் சொந்த வெப்பமானியை மட்டும் நம்பாமல் தனி உணரி, தனி பேட்டரி, தனி வானொலி வைப்பதும், எச்சரிக்கை அறையில் ஒலிப்பதோடு நில்லாமல் பொறுப்பானவரின் கைபேசிக்குப் போவதும், அவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போவதும் இப்போது நல்ல ஆய்வுக்கூடங்களின் வழக்கம்.

இந்த ஏற்பாடு மிகப் பெரிய அளவில் நடப்பது ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, தடுப்பூசிக் குளிர்ச்சங்கிலியில். இந்தியாவில் 2015-இல் தொடங்கிய ஈவின் என்ற மின்னணுத் தடுப்பூசி வலையமைப்பில், ஆரம்ப சுகாதார நிலையங்களின் தடுப்பூசிக் குளிர்பெட்டிகளுக்குள் டிஜிட்டல் உணரி இருக்கிறது. அதோடு இணைந்த, சிம் அட்டை பொருத்திய சிறு பெட்டி சுவரில் தொங்குகிறது. 10 நிமிடத்துக்கு ஒருமுறை அது சூட்டைக் குறித்துக்கொள்ளும். மணிக்கு ஒருமுறை கைபேசி வலை வழியாக நடுக் கணினிக்கு அனுப்பும். உள்ளே 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அந்த எல்லையைத் தாண்டினால் பெட்டி அங்கேயே ஒலிக்கும், பொறுப்பாளர்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியும் போகும். மின்சாரம் போன இரவில் அந்தச் செய்தியைப் பார்த்தவர் வண்டியை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய்ப் பூட்டைத் திறந்து, தடுப்பூசிக் குப்பிகளை ஐஸ் கட்டி அடுக்கிய குளிர்ப்பெட்டிக்கு மாற்றுகிறார்.